நடுத்தாள் யாருக்கு?

9

போன வாரம் கண்ணாடிக்கடைக்காரரை அவருடைய கடை வாசலில், வாயைப் பிளந்த நிலையில் விட்டுவிட்டு வந்தோம். அந்த வாயை அவர் இன்னும் சரியாக மூடவில்லை.

நடந்தது இதுதான். செவ்வாய்க்கிழமை மத்தியானம், எதிர்ச் சாரியில், ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் முனையில், ஒரு பெரிய கார் வந்து நின்றது. அதிலிருந்து அவருடைய மனைவி இறங்கினாள். கையில் பலகை போலத் தட்டையாக ஒரு பொட்டலம். காரை ஓட்டி வந்தவர் சகலை; அதாவது மனைவியின் தங்கை புருஷன், டைல்ஸ் வியாபாரி. அன்று சாயங்காலம், "இன்னிக்கு எங்கேயாவது வெளியில போனியா?" என்று இவர் பூனை நடை நடந்து கேட்டதற்கு, "எங்கே போறது? ஆஸ்பத்திரியில மூச்சு விட நேரமில்லை" என்று சொல்லிவிட்டாள்.

வேறொரு கணவனாக இருந்தால் வேறு மாதிரிச் சந்தேகப்பட்டிருப்பான். கண்ணாடிக்கடைக்காரருக்கு வந்த சந்தேகம் அதைவிடப் பெரியது. 'என் பெண்டாட்டி இன்னொருத்தனுக்கு டார்ச் பிடிக்கிறாள்!'

இந்த வாரம்தான் படிக்க ஆரம்பித்தவர்கள் பயப்பட வேண்டாம். டார்ச் என்றால் டார்ச்தான்.

கண்ணாடிக்கடைக்காரர் பழைய ஜப்பானிய மரஅச்சுப் படங்களைச் சேர்ப்பவர். ஒரு படத்துக்குப் பத்துப் பன்னிரண்டு மரக்கட்டைகளைச் செதுக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு வர்ணம் தடவி, ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கையால் அழுத்தி எடுத்தவை. வயது நூறுக்கும் மேல். ஏலத்துக்கு முன்னால் படங்களைப் பார்வைக்கு வைப்பார்கள். அங்கே இவர் தாளைத் தூக்கிப் பிடிக்க, பின்னாலிருந்து மனைவி டார்ச் அடிப்பாள். பூச்சி அரித்த ஓட்டையை ஒட்டியிருந்தாலும், கிழிந்ததற்குப் பின்பக்கம் முட்டுக்கொடுத்திருந்தாலும் அந்த வெளிச்சத்தில் மாட்டிக்கொள்ளும். மனைவிக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் கண்டுபிடித்தே இருபத்தாறு வருஷம் சம்பளம் வாங்கியவள். "மேல் மூலையில ஒட்டுப் போட்டிருக்கு" என்று அவள் முணுமுணுப்பாள். "மேல் மூலையில ஒட்டுப் போட்டிருக்கு!" என்று இவர் ஹால் முழுக்கக் கேட்கும்படி அறிவிப்பார். எல்லாரும் 'ஆகா, என்ன கண்ணு' என்பார்கள்.

இவ்வளவு நாள் இது ஒழுங்காக நடந்தது. ஒரு வருஷத்துக்கு முன்னால் சகலைக்கும் இந்தக் கிறுக்குப் பிடித்தது. அதுவரை சகலை உலகத்தைச் சதுர அடியில்தான் பார்த்தவர். அப்படிப்பட்டவர் பன்னிரண்டு மாதத்தில் இருபத்திரண்டு படம் வாங்கிவிட்டார். மச்சினி ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்துக் குடும்பக் குழுவில் போடுவாள். இவர் அதை விரலால் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்ப்பார். குறை ஏதாவது கிடைக்காதா என்று. ஒன்றுகூடச் சோடை இல்லை.

'பாத்ரூமுக்குப் பளிங்கு விக்கிறவனுக்கு ஏது இந்தக் கண்?'

அந்த எரிச்சலில் எட்டு மாதமாகச் சகலை வீட்டுப் பக்கமே அவர் போகவில்லை. முழங்கால் வலி என்று காரணம் சொன்னார். அந்த வீட்டுக்கு லிஃப்ட் இருந்தது.

செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் எல்லாம் விளங்கிவிட்டது. கண் அவனுடையது இல்லை. கண் இந்த வீட்டுக் கண்.

இப்படி வயிற்றில் அடுப்பை வைத்துக்கொண்டுதான் சனிக்கிழமை காலை அவர் ஏலத்துக்குக் கிளம்பினார்.

அன்றைக்கு ஏலத்தில் எண்பத்தேழாம் எண். அது வெறும் படம் இல்லை. அவர் வீட்டுக் கூடத்தில் மூன்று கட்டங்கள் உள்ள ஒரு சட்டம் தொங்குகிறது. மூன்று தாள்கள் சேர்ந்தால்தான் முழுப் படம். இடது தாளில் மழையில் நனைந்தபடி துடுப்புப் போடும் படகோட்டி. வலது தாளில் கரையில் குடையோடு நிற்கும் ஒரு பெண், படகையே பார்க்கிறாள். நடுத்தாளைக் காணோம். எப்போதோ யாரோ பிரித்து விற்றிருக்கிறார்கள். பதினோரு வருஷமாக நடுக்கட்டத்தில் சுவர்தான் தெரிகிறது. படகில் யார் வருகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. அந்த நடுத்தாள்தான் எண்பத்தேழு. கேட்லாக்கில் அதன் படத்தைத் தபால்தலை அளவுக்குப் போட்டிருந்தார்கள். மழையா மசியா என்றே தெரியவில்லை.

"நீயும் வாயேன்" என்றார் மனைவியிடம், செருப்பைப் போட்டுக்கொண்டே.

"எனக்கு டூட்டி."

"மாத்திக்க முடியாதா?"

"எலும்பு முறிஞ்சவங்க கிட்ட நாளைக்கு வந்து முறிச்சுக்கோங்கன்னா சொல்றது?" அவள் டப்பாவை மூடிப் பையில் வைத்தாள். பிறகு நிமிர்ந்து பார்த்து, "எவ்வளவு வரைக்கும் போகப் போறீங்க?" என்று கேட்டாள்.

சாதாரணக் கேள்விதான். இருபத்தாறு வருஷமாகக் கேட்கிற கேள்வி. ஆனால் அன்றைக்கு அவர் அதை வேவு பார்ப்பதாகவே எடுத்துக்கொண்டார்.

"அங்கே போய்ப் பார்த்துட்டுத்தான்" என்றார், ராணுவ ரகசியம் போல.

"சரி. கோபத்துல கையைத் தூக்காதீங்க."

அதையும் அவர் தப்பாகவே எடுத்துக்கொண்டார்.

*

பார்வைக் கூடத்தில் நீள நீளமான மேஜைகள், பச்சைத் துணி விரித்து. பேனா கொண்டுபோகக் கூடாது, கை கழுவாமல் தொடக் கூடாது. மேற்பார்வைக்கு ஓர் அம்மாள் நின்றிருந்தாள். எண்பத்தேழைக் கேட்டதும் அட்டை உறைக்குள்ளிருந்து எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

கண்ணாடிக்கடைக்காரர் பார்த்தார். பார்த்தபடியே இருந்தார்.

படகில் ஒரு ஆண், ஒரு பெண். ஒரே குடைக்குள். பெண் ஏதோ சொல்ல, ஆண் தலையைச் சாய்த்துச் சிரிக்கிறான். மழை அவர்களைத் தொடவே இல்லை.

பதினோரு வருஷமாகக் கரையில் நிற்பவள் காத்திருக்கிறாள் என்று நினைத்திருந்தார். வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம், "பாவம், எப்ப வருவானோன்னு நிக்கறா" என்று சொல்லி இரண்டு பேரை அழவே வைத்திருக்கிறார். அவள் காத்திருக்கவே இல்லை! வயிறெரிந்துகொண்டிருந்தாள்.

'அடி பாவி, நீயும் நம்ம கட்சிதானா?' என்று நினைத்துக்கொண்டார்.

குடைக் கம்பிகளின் கோடுகள் மயிரிழை மாதிரி, ஓர் இடத்திலும் அறுபடாமல் ஓடின. கட்டை தேயும் முன் எடுத்த அச்சு. பின்பக்கம் எப்படி என்று பார்க்க வேண்டும். இரண்டு கையும் தாளைப் பிடிக்க வேண்டும். டார்ச்சை யார் பிடிப்பது? அக்கம்பக்கம் பார்த்துவிட்டு டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டார்.

"சார், எச்சில் பட்டா நீங்கதான் வாங்கணும்" என்றாள் அம்மாள்.

அதற்குத்தானே வந்திருக்கிறேன் என்று அவர் பதில் சொன்னார். டார்ச் வாயில் இருந்ததால் அது "அவுக்குக்கானே" என்று வந்தது.

"சகலை! டார்ச்சையா தின்னுட்டிருக்கீங்க? காலையில டிபன் ஆகலையா?"

டைல்ஸ்காரர் நின்றிருந்தார். கூடவே மச்சினி. சகலை கையில் நம்பர் அட்டை. தாளைக் கண்ணால் அளந்தார்.

"இது என்ன, ஒன்றரை சதுர அடி வருமா சகலை?"

கண்ணாடிக்கடைக்காரர் டார்ச்சை எடுத்தார். அப்போது அவருக்குத் தன் பழைய வித்தை ஞாபகம் வந்தது. ஒரு படத்தின் மேல் ஆசை வந்தால் அதைப் பகிரங்கமாகத் திட்டுவார். பக்கத்தில் நிற்பவர்கள் ஒதுங்கிவிடுவார்கள்.

"இதெல்லாம் ஒரு படமா!" என்றார் சத்தமாக. "ஓரத்தை நறுக்கிட்டான். நீலம் செத்தே போச்சு. மழையா இது? யாரோ சீப்பால கீறின மாதிரி இருக்கு. தேஞ்ச கட்டை, தேஞ்ச கட்டை. இதைப் போய் நடுவுல மாட்டினா நம்ம ரெண்டு தாளுக்கும் அவமானம்."

மச்சினி கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அத்தான், இன்னும் கொஞ்சம் திட்டுங்களேன்."

"ஏன்?"

"நீங்க எவ்வளவு திட்டறீங்களோ அவ்வளவு நல்ல படம்னு அக்கா சொல்லியிருக்கா. போன தடவை நீங்க சும்மா 'ப்ச்'னு மட்டும் சொன்னீங்க. அதை நாங்க தொடவே இல்லை."

டைல்ஸ்காரர் அவசரமாக இருமினார். "நீ சும்மா இருடி."

"அக்கா சொன்னாளா?" என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

"எல்லாருக்கும் தெரியும் அத்தான். அக்காவை நீங்க பொண்ணு பார்க்க வந்த அன்னிக்கு என்னை 'நல்ல பொண்ணு'ன்னீங்களாமே. அக்காவை 'மூக்கு கொஞ்சம் பெரிசு'ன்னீங்க. அப்பவே எங்கப்பா புரிஞ்சுக்கிட்டார், மாப்பிள்ளைக்கு யாரைப் பிடிச்சிருக்குன்னு."

மேற்பார்வை அம்மாள்கூடச் சிரித்துவிட்டாள்.

கண்ணாடிக்கடைக்காரர் தாளைப் பத்திரமாக உறைக்குள் வைத்தார். வெளியே போய் மனைவிக்கு போன் அடித்தார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. டூட்டி நேரத்தில் அவள் எடுக்க மாட்டாள். தெரிந்தும் நான்கு தடவை அடித்தார். காட்டிக் கொடுத்துவிட்டாளே! டார்ச்சை மட்டுமா கொடுத்தாள், அவருடைய வித்தையையே எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

*

ஏலம் இரண்டு மணிக்கு. முன் வரிசையில் போய் உட்கார்ந்தார். மச்சினி விடாமல் புருஷனையும் அவருக்குப் பக்கத்திலேயே தள்ளி உட்கார வைத்தாள். "சொந்தக்காரங்க தள்ளித் தள்ளி உட்கார்ந்தா பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

இடது பக்கம் ஒரு மேஜையில் மூன்று பெண்கள், காதில் போனோடு. நேரில் வர முடியாதவர்களுக்காக அவர்கள் கை தூக்குவார்கள். கண்ணாடிக்கடைக்காரருக்கு எட்டடி தூரத்தில் நீலச் சட்டை போட்ட பெண் ஒருத்தி இருந்தாள்.

எண்பத்தேழு வந்தது. திரையில் பெரிசாக அந்தக் குடை.

"இருபதுல ஆரம்பிப்போம்" என்றார் ஏலக்காரர். "இருபதாயிரம், யாரு?"

இரண்டு கைகள் ஒரே நேரத்தில் எழுந்தன. சகலைகளின் முழங்கைகள் இடித்துக்கொண்டன.

"அடடா, ஒரே வீடா?" என்றார் ஏலக்காரர். கூட்டம் சிரித்தது.

இருபத்தைந்து. இருபத்தெட்டு. முப்பது. பின் வரிசையில் ஒருவர் நுழைந்தார், உடனே விலகினார். முப்பத்தைந்தில் கண்ணாடிக்கடைக்காரர் திரும்பி சகலையை ஒரு பார்வை பார்த்தார். கல்யாணப் பந்தியில் தன் இலையிலிருந்து யாராவது எடுத்தால் பார்க்கிற பார்வை. டைல்ஸ்காரர் போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அவசரமாக எதையோ தட்டினார். பிறகு நம்பர் அட்டையைக் கவிழ்த்துத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துவிட்டார்.

அவ்வளவுதான். ஜெயித்தாயிற்று. கண்ணாடிக்கடைக்காரரின் தோள் ஒரு அங்குலம் இறங்கியது.

"முப்பத்தைந்து, முன் வரிசை. வேற யாராவது?"

"முப்பத்தெட்டு" என்றாள் நீலச் சட்டைப் பெண்.

அவர் நாற்பது என்றார். நீலச் சட்டை நாற்பத்திரண்டு. நாற்பத்தைந்துதான் அவர் தனக்குப் போட்டுக்கொண்ட எல்லை. நாற்பத்தைந்து என்றார். ஏலக்காரர் போன் மேஜையைப் பார்த்தார்.

"ஒரு நிமிஷம் சார்" என்றாள் அந்தப் பெண், சங்கடத்தோடு. "லைன்ல இருக்காங்க. ஆனா... வேற யாரையோ மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்றாங்க."

"என்னது?"

"'நல்லா இழுங்க, பிடிங்க, ஆடாதீங்க'ன்னு..."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "நாங்க எல்லாருமே பிடிச்சுக்கிட்டுத்தாம்மா இருக்கோம்" என்றார் ஏலக்காரர்.

கண்ணாடிக்கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் நிஜமாகவே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். 'நல்லா இழுங்க, பிடிங்க, ஆடாதீங்க.' சில நாள் அசதியில் தூக்கத்தில்கூட அவள் அதைச் சொல்வாள்.

"விடச் சொல்லிட்டாங்க சார்" என்றாள் பெண். "நாற்பத்தெட்டு."

கண்ணாடிக்கடைக்காரர் பக்கத்தில் திரும்பி, பல்லுக்கு நடுவே, "யாருக்காகக் கேட்கறா? உனக்காகவா?" என்றார். சகலையிடம் அவர் 'உனக்கு' என்று சொன்னது அதுவே முதல் தடவை.

"என்னைக் கேட்காதீங்க சகலை. நான் தரைக்குக் கல் போடறவன்."

மச்சினி குனிந்து புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது.

போட்டி போடுவது யார் என்று தெரிந்த பிறகு ஒரு மனிதன் என்ன செய்ய வேண்டும்? கையைக் கீழே வைக்க வேண்டும். ஒரே வீட்டுப் பணம் ஒரே வீட்டுப் பணத்தோடு மல்லுக்கட்டினால் லாபம் ஏலக்காரருக்கு. சின்னக் குழந்தைக்குத் தெரிகிற கணக்கு. 'பாவம், எதிரில் நான்தான் என்று தெரியாமல் ஏறுகிறாள்' என்று ஒரு கணம் இரக்கம்கூட வந்தது. ஆனால் அவள் ஏறுவது டைல்ஸ்காரனுக்காக என்ற நினைப்பும் கூடவே வந்தது. கை தானாக எழுந்தது.

"ஐம்பது! முன் வரிசை."

நீலச் சட்டைப் பெண் போனில் மெதுவாகப் பேசினாள். எட்டடி தூரம்தான்.

"ஐம்பது மேடம்... ஆமா, முன் வரிசைதான்... ஆமா, கண்ணாடி போட்டவர்..." அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பார்வை முகத்திலிருந்து பக்கவாட்டில் போயிற்று. "காதா மேடம்?... சிவந்திருக்கு. நல்லாவே சிவந்திருக்கு மேடம்."

பிறகு ஏலக்காரரிடம் சொன்னாள்: "ஐம்பத்திரண்டு."

தெரிந்தேதான் ஏறுகிறாள்!

அவருக்கு அது உள்ளே இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. இருபத்தாறு வருஷத்தில் கடைக்குப் பெயர் வைத்ததிலிருந்து திரைச்சீலை நிறம் வரைக்கும் "உங்க இஷ்டம்" என்று சொன்னவள். ஆஸ்பத்திரியில், ஈய உடுப்போடு, நோயாளிக்கும் நோயாளிக்கும் நடுவில், போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஒரு காகிதத்துக்காக நிற்கிறாள். எதிரில் நிற்பது புருஷன் என்று தெரிந்தும் நிற்கிறாள். இவ்வளவு ஆசையா? அவருக்கு இருக்கிற மாதிரியே ஒருத்திக்கு ஆசை இருக்குமா?

"ஐம்பத்தைந்து உண்டா, சார்?"

அட்டை கையில்தான் இருந்தது. கை எழவில்லை.

"ஐம்பத்திரண்டு, போன்ல. ஒரு தரம். ரெண்டு தரம்..." சுத்தியல் விழுந்தது.

மச்சினி எழுந்து நின்றே கை தட்டினாள். டைல்ஸ்காரர் அவளைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டு, "சகலை, தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார். அவர் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. கண்ணாடிக்கடைக்காரருக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

*

மனைவி ஆறரை மணிக்கு வந்தாள். செருப்பைக் கழற்றினாள், பையை நாற்காலியில் வைத்தாள், முகம் கழுவினாள். அவர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். மூன்று மணி நேரமாக ஒத்திகை பார்த்த வசனங்கள் பதினேழு இருந்தன.

"டீ போடவா?" என்று கேட்டது அவர்தான். பதினேழில் அது இல்லை.

"போடுங்க."

டீயோடு வந்து உட்கார்ந்தார். "சகலை சுவருக்குத்தானே?" என்றார்.

"எந்தச் சுவருக்கு?"

"இருபத்திரண்டு படத்துக்கும் அவருக்கு நீதானே கண்ணு? செவ்வாய்க்கிழமை கார்ல பார்த்தேன். இன்னிக்கு நீ போன்ல ஏலம் கேட்டதையும் பார்த்தேன். இத்தனை நாள் நான் இங்கே ஒரு கூமுட்டையா உட்கார்ந்திருந்தேன்."

அவள் டீயை ஊதினாள். "அவருக்கு எதுக்குப் படம்? தம்பிக்கு ஜப்பான்னா கார்தான் தெரியும். இருபத்திரண்டும் என்னுது."

"என்னுதுன்னா?"

"என்னுதுன்னா என்னுது. என் சம்பளம், என் ஓவர்டைம். தம்பி போய்க் கை தூக்குவார், அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை கையில இருந்தது இருபத்திரண்டாவது. பின்னால ஒட்டுத் தாள் இருந்தது, எங்க எக்ஸ்ரே பார்க்கிற வெளிச்சப் பெட்டியில வச்சுப் பார்க்க எடுத்துட்டுப் போனேன். இன்னிக்கும் தம்பிதான் வாங்கியிருக்கணும். பாதியில 'அண்ணி, சகலை பல்லைக் கடிக்கிறார், எனக்குப் பயமா இருக்கு'ன்னு மெசேஜ் போட்டுட்டார். அவர் தைரியம் தெரிஞ்சுதான் போன் லைனும் சொல்லி வச்சிருந்தேன்."

கண்ணாடிக்கடைக்காரர் ஒரு வருஷமாக விரலால் பெரிசாக்கிப் பார்த்த இருபத்திரண்டு படங்களும் வரிசையாகக் கண் முன்னால் வந்து நின்றன. பனியில் நிற்கிற பாலம். பூனையைத் திட்டுகிற கிழவர். ராத்திரி நேரத்துப் பட்டாசு. ஒன்றுகூடச் சோடை இல்லை. சகலை மேல் எரிந்ததெல்லாம் இடம் தெரியாமல் எரிந்திருக்கிறது. இப்போது சரியான இடம் தெரிந்துவிட்டது. முன்னைவிட நன்றாக எரிந்தது.

"எதுக்கு அங்கே? இங்கேயே வச்சிருக்கலாமே."

"இங்கே வச்சா அது உங்க கலெக்ஷன் ஆயிடும்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. எலும்பு முறிந்திருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

"அப்படி நான் எப்ப..."

"இந்த இடது தாளைக் குப்பைக் கட்டுக்குள்ள இருந்து எடுத்தது யாரு?"

அவர் வாயைத் திறந்தார். பதினோரு வருஷமாக அந்தக் கதையை அவர் ஐம்பது பேருக்குச் சொல்லியிருப்பார். பழைய காலண்டர்களுக்கு நடுவே, ஈரக் கட்டு ஒன்றில், ஒரு மூலை மட்டும் எட்டிப் பார்க்க, 'நான் அப்படியே நின்னுட்டேன்' என்று ஆரம்பிக்கிற கதை. எத்தனை தடவை சொன்னாரோ, அத்தனை தடவையும் அவள் பக்கத்தில் இருந்திருக்கிறாள். காபித் தட்டோடு.

"நீ" என்றார்.

"ம்."

"நீதான் எடுத்தே. நான் அப்ப சட்டக்கடைக்காரர்கிட்ட பேரம் பேசிட்டிருந்தேன்." சொல்லி முடித்ததும் ஒரு பல்லைப் பிடுங்கியது போல இருந்தது, வலியும், கொஞ்சம் காற்றோட்டமும்.

அவள் டீயைக் குடித்து முடித்தாள்.

"அந்த நடுத்தாள்ல யார் இருக்கான்னு பார்த்தியா?" என்று கேட்டார்.

"தங்கச்சி போட்டோ அனுப்பினா. கரையில நிக்கிறவ ஏன் குடையை அவ்வளவு இறுக்கிப் பிடிச்சிருக்கான்னு எனக்கு முன்னாலேயே சந்தேகம்தான்."

"என்கிட்ட சொல்லவே இல்லையே!"

"சொன்னா விருந்தாளிக்கு யார் சொல்லியிருப்பாங்க?"

அவரால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. அவளும் சிரித்தாள். ஆனால் சிரித்துவிட்டு விட்டுக்கொடுத்துவிடுவாள் என்று அவர் நினைத்திருந்தால், அது இந்த வீட்டில் அன்று மத்தியானத்தோடு முடிந்துபோன வழக்கம்.

"புதன்கிழமை தாளை எடுத்துட்டு வரணும்" என்றாள். "தங்கச்சி வீட்டுக்குத்தான் போகும்."

"அப்ப இந்த ரெண்டு?"

"மூணும் சேர்ந்துதானே இருக்கணும்? பதினோரு வருஷமா நீங்கதானே சொல்றீங்க. ரெண்டையும் எனக்குக் கொடுங்க. சும்மா வேண்டாம், வாங்கிக்கறேன்."

"என்னையா விக்கச் சொல்றே? நீதான் அந்த ஒண்ணைக் கொடேன். நான் வாங்கிக்கறேன்."

"கேட்கலாமே. யார் வேண்டாம்னா?"

அவள் எழுந்து நாட்காட்டிக்குப் பக்கத்தில் தொங்கிய குறிப்புத் தாளில் இரண்டைக் கிழித்தாள். ஒன்றில் கையை மறைத்து என்னவோ எழுதி, நான்காக மடித்து, சர்க்கரை டப்பாவுக்கு அடியில் செருகினாள். இன்னொன்றையும் பேனாவையும் அவர் பக்கம் தள்ளினாள்.

"உங்க ரெண்டுக்கும் நான் என்ன தரேன்னு அதுல இருக்கு. என் ஒண்ணுக்கு நீங்க என்ன தருவீங்கன்னு இதுல எழுதுங்க. செவ்வாய்க்கிழமை ராத்திரி சேர்ந்து பிரிப்போம். அதுவரைக்கும் யாரும் தொடக் கூடாது."

துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போனவள், கதவருகே நின்றாள்.

"ஐம்பத்தைந்துக்கு ஏன் கை தூக்கலை?"

அவர் யோசித்தார். நிறைய பதில்கள் இருந்தன. எல்லாமே அவரை நல்லவராகக் காட்டின. "தெரியலை" என்றார்.

"தூக்கியிருந்தா நான் நிறுத்தியிருப்பேன். ஐம்பத்திரண்டுதான் எனக்குக் கடைசி" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அவர் சர்க்கரை டப்பாவைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். ஒரு மனிதன் சர்க்கரை டப்பாவை நகர்த்துவது குற்றமா? டப்பாவை நகர்த்தினார். மடித்த தாள் தானாகவே கொஞ்சம் விரிந்தது. அவர் அதற்கு மிச்ச உதவியைச் செய்தார்.

எண் எதுவும் இல்லை. அவளுடைய பொடி எழுத்தில் ஒரே வரி.

'செவ்வாய் வரைக்கும் பொறுக்க மாட்டீங்கன்னு தெரியும். முதல்ல நீங்க எழுதுங்க.'

காது இரண்டும் சூடேறின. தாளைப் பழையபடியே மடித்து, பழையபடியே செருகினார். அப்புறம் தன் தாளை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஓர் எண் எழுதினார். அடித்தார். வேறோர் எண் எழுதினார், அதையும் அடித்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கம், எண்ணே இல்லாமல், ஏழெட்டு வார்த்தை எழுதினார். படித்துப் பார்த்தார். வேறு யாருமே இல்லாத கூடத்தில் உள்ளங்கையால் அதை மறைத்துக்கொண்டார்.

குளியலறையில் தண்ணீர் நின்றது.